ஏழு வயசுப் பிள்ளைக்குக் கணக்குச் சோதனை எதற்கு?

“சோதனையே இல்லேன்னா பிள்ளை எப்படிங்க படிக்கும்? படிக்குதா படிக்கலையான்னு நமக்குத்தான் எப்படித் தெரியும்?”

லயன் வாசலில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பன் இல்லை. நியாயமான கேள்விதான். 2019-ஆம் ஆண்டு தொடங்கி நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரையாண்டுச் சோதனையும் ஆண்டிறுதிச் சோதனையும் நிறுத்தப்பட்டன. 2021-இல் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். சோதனையும் போய்விட்டது. கணக்கு 78, கணக்கு 35 என்று ரிப்போர்ட் கார்டு வந்த காலம் மாறி, “அடைவு நிலை 2”, “அடைவு நிலை 4” என்று வருகிறது. 35 என்றால் தகப்பனுக்குப் புரியும், பெல்ட்டைத் தேடுவான்! அடைவு நிலை 2 என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

சோதனையை எடுத்தது சரியா, தப்பா என்று கட்சி கட்டிக்கொண்டு பேசுவதற்கு முன்னால் ஒரு காரியத்தை யோசித்துப் பார்ப்போம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையின் முன்னால் ஒரு கணக்குத் தாளை வைத்து, மணி அடித்து, “எழுது” என்று சொன்னால், அந்தத் தாள் எதை அளக்கிறது?

தாளுக்குள் இருப்பது கணக்கு மட்டுமா?

கணக்கைத்தான் அளக்கிறது என்று நினைப்போம். ஆனால் பிள்ளை முதலில் கேள்வியை வாசிக்க வேண்டும் அல்லவா? “மாலாவிடம் 8 ரம்புத்தான் பழங்கள் இருந்தன. அவற்றுள் 3 பழங்களைத் தம்பிக்குக் கொடுத்தாள். மீதம் எத்தனை?” என்று போட்டிருக்கும். எட்டு ரம்புத்தானில் மூன்றைத் தம்பி தூக்கிக்கொண்டு ஓடினால் மிச்சம் எத்தனை என்று நம் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அதற்காகச் சண்டையே போடும்! ஆனால் “அவற்றுள்” என்று வீட்டில் யார் பேசுகிறோம்? “மீதம்” என்றால் “மிச்சம்” என்று யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை கணக்கு வரை போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே நின்றுவிட்டது. கார்டில் மட்டும் “கணக்கில் பலவீனம்” என்று எழுதியாகிவிட்டது.

வாசித்த பிறகு எழுத வேண்டும். 3-ஐயும் 7-ஐயும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுவதும், பன்னிரண்டு என்று வாயால் சொல்லிக்கொண்டே 21 என்று எழுதுவதும் ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் காணப்படுவதுதான். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். சிவப்பு மை இதையெல்லாம் பார்க்காது. தப்பு என்றால் தப்புத்தான்.

நம் தமிழ் எண்களிலேயே ஒரு குழி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அறுபது, எழுபது, எண்பது என்று நேர் ரோட்டில் போகிற வண்டி, அடுத்தாற்போல் “தொண்ணூறு” என்று திரும்புகிறது. பத்துக்குள் எண்ணும்போது எட்டுக்கு அடுத்து ஒன்பது; பத்துப் பத்தாக எண்ணும்போது எண்பதுக்கு அடுத்து, நூறு என்று காதில் விழுகிற ஒரு சொல்! எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டதும் பிள்ளை விழித்தால் அது மொழியின் வளைவு. அறிவின் குறை அல்ல. “தொண்ணூற்று மூன்று” என்று சொல்லக் கேட்டு 103 என்று எழுதினால், காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது.

வயதும் ஒன்றல்ல. ஆண்டுக் கணக்குப் பார்த்துப் பள்ளியில் சேர்க்கிறோம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். நமக்கு ஒரு வருசம் பெரிய வித்தியாசமில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு! போதாததற்கு, ஒருவன் இரண்டு வருசம் பாலர் பள்ளிக்குப் போய் வந்தவன். இன்னொருத்தி பாலர் பள்ளிப் பக்கமே போகாதவள். இருவருக்கும் ஒரே தாள், ஒரே மணி.

மொழிக் கதைக்கு வந்தால், 2003-ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டுதான் ஒன்றாம் ஆண்டுக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தப்பட வேண்டும் என்ற கொள்கை வந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பட்டணத்துப் பிள்ளை சமாளித்திருக்கலாம். தோட்டத்துப் பிள்ளை? கூட்டலையும் கழித்தலையும் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், அவற்றின் ஆங்கிலப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. கணக்குத் தாள், கணக்குத் தாளாக இல்லாமல் ஆங்கிலத் தாளாகிப் போனது. 2009-இல் அரசாங்கமே அந்தக் கொள்கையைக் கைவிட முடிவு செய்தது. இடையில் தாளைப் பார்த்து “நமக்குக் கணக்கு ஏறாது” என்று முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைகளிடம், “அது உன் தப்பில்லை ஐயா” என்று யார் போய்ச் சொன்னார்கள்?

பொம்மைக் கரடி செய்த வேலை

சின்னப் பிள்ளைகளுக்கு எண் எப்போது புரிகிறது என்று உலகத்து அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரிய பெயர் சுவிட்சர்லாந்து நாட்டு ஜான் பியாஜே. அவர் செய்த ஒரு சோதனை மிகவும் பிரபலமானது. இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்குவார். “ரெண்டிலும் சமமா இருக்கா?” என்று கேட்பார். “சமம்” என்று பிள்ளை சொல்லும். பிறகு ஒரு வரிசையை மட்டும் பிள்ளையின் கண் முன்னாலேயே அகட்டி நீளமாக்கிவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். ஐந்து, ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் “இந்த நீள வரிசையிலேதான் அதிகம்” என்றார்கள். இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு இந்த வயதில் இன்னும் பழுக்கவில்லை என்று முடிவு சொன்னார் அவர்.

1974-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்காரிகல், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இரண்டு பேர் ஒரு குறும்பு செய்து பார்த்தார்கள். அதே வில்லைகள், அதே இரண்டு வரிசைகள். ஆனால் இந்தத் தடவை வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, ஒரு பொம்மைக் கரடி! பெட்டிக்குள்ளிருந்து குதித்து வந்து, விளையாட்டைக் கெடுப்பதுபோல் ஒரு வரிசையைத் தள்ளிவிட்டுப் போகும். “ஐயோ, கரடி கலைச்சிடுச்சே! இப்போ ரெண்டும் சமமா?” என்று கேட்டார்கள். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். முன்பு தவறாகச் சொன்ன வயதுக்காரர்களில் எத்தனையோ பேர் இப்போது “சமம்தான்” என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

என்ன நடந்தது? பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். பெரியவர் ஒருத்தர் வேண்டுமென்றே ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியையே திரும்பக் கேட்கிறார். வாத்தியார் ரெண்டாம் தடவை கேட்டால் மொதல்ல சொன்னது தப்புன்னுதானே அர்த்தம்? உடனே பதிலை மாற்றுகிறது. கரடி கலைத்தால் அந்தப் பயம் இல்லை. பியாஜே சொன்னது முழுக்கப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. எண்ணறிவு படிப்படியாகத்தான் பழுக்கும். ஆனால் ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளையிடம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடுகிறது. தாளுக்கோ ஒரே விதமாகத்தான் கேட்கத் தெரியும்.

மார்ட்டின் ஹியூஸ் என்பவர் இன்னும் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார். 1986-இல் புத்தகமாகவும் எழுதினார். பெட்டிக்குள் கட்டைகளைப் போட்டு மூடிவிட்டு, இன்னும் ஒன்றைப் போட்டு, “இப்போ உள்ளே எத்தனை?” என்று கேட்டால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள்கூடப் பலர் சரியாகச் சொன்னார்கள். “மூணும் ஒண்ணும் எத்தனை?” என்று வெறும் வாயால் கேட்டால் திகைத்து நின்றார்கள். எது மூன்று? எது ஒன்று? பொருள் இல்லாத எண் அந்த வயதில் வெறும் சத்தம்தான்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடமும் இதே கதைதான். பிரேசில் நாட்டு ரெசிப்பே நகரத்தில், தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற ஏழைப் பிள்ளைகள் ஐந்து பேரை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்கள். வாடிக்கையாளர்போல் போய் “பத்துத் தேங்காய் எவ்வளவு? இந்தா, மிச்சம் கொடு” என்று கேட்டபோது 100-க்கு 98 பதில்கள் சரி. அதே கணக்குகளை எண்ணாக மட்டும் எழுதிக் கொடுத்துச் செய்யச் சொன்னபோது 100-க்கு 37 தான்! ஐந்தே பேர்தான் என்றாலும், நமக்கு இது புதிய செய்தியா? கடைக்கு அனுப்பினால் மிச்சச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறவன், அதே கழித்தலைத் தாளில் கோட்டை விடுவதை நம் வீட்டிலேயே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

அப்படியானால் விட்டுவிடலாமா?

கூடாது. இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

“சோதனை இல்லை” என்பதை “கவலை இல்லை” என்று எடுத்துக்கொண்டால் முதலில் அடிபடுவது தோட்டத்துப் பிள்ளைதான். பட்டணத்துக்காரர் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறார். பள்ளியில் சோதனை இல்லாவிட்டால் டியூஷனில் வைத்துக்கொள்வார்கள். விடியற்காலை வேலைக்குப் போய், வந்து குளித்துச் சமைத்து முடிக்கவே இருட்டிவிடுகிற வீட்டில், பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்பதை யார் கண்டுபிடிப்பது? அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பள்ளியில் சேரும்போது எண்ணறிவு நன்றாக இருந்த பிள்ளைகளே பிற்பாடு படிப்பிலும் முன்னே நின்றார்கள் என்பதே அது. அப்படியென்றால் பின்தங்குகிற பிள்ளையைச் சீக்கிரமே கண்டுபிடித்துக் கைதூக்கிவிட வேண்டும். நான்காம் ஆண்டு வரை காத்திருந்தால் பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஏறிக்கொள்ளும்.

ஆகவே பார்க்கத்தான் வேண்டும். எதற்காகப் பார்க்கிறோம், எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 1996-இல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு பி.டி.எஸ். என்று ஒரு சோதனை வந்தது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அதில் தேறினால் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரனைப் பொறுக்கி எடுக்க வந்த சோதனை அது. பொறுக்கப்படாத பிள்ளையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 2010-இல் வந்த லீனுஸ் திட்டத்தின் நோக்கம் வேறு. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை எழுத்தும் எண்ணும் வராத பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்கத்தான் அது வந்தது. நடைமுறையில் ஆசிரியர்களுக்கு எழுத்து வேலை மலைபோல் குவிந்தது என்ற குறை இருந்தாலும், என்னைக் கேட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது நோக்கம்தான் பொருந்தும். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர்கூட, சோதனைக்குப் பேர்போன ஊர், 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் சோதனைகளை நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் 1991 முதல் நடந்துவந்த ஏழு வயதுச் சோதனையும் 2023/24 கல்வியாண்டிலிருந்து கட்டாயமில்லை என்றாகிவிட்டது.

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஸ்டோரில் வாளியை நிறுத்தவுடன் கணக்கு முடிந்துவிடாது. மழைத் தண்ணீர் கலந்த பாலும் நிறுவையில் கனக்கத்தான் செய்யும். பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று தனியாகப் பார்த்துத்தான் கிராணி எழுதுவார். கணக்குத் தாளில் வாங்குகிற மார்க் வாளியின் நிறை. மனப்பாடம் செய்து 90 வாங்குகிறவனும் உண்டு, புரிந்திருந்தும் 40 வாங்குகிறவனும் உண்டு.

வீட்டில் நாமே பார்க்கலாம்

படிக்காத தாய் தகப்பன் என்று பின்வாங்க வேண்டாம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும். பத்துக் கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்று தொட்டுத் தொட்டு எண்ணுகிறதா, இல்லை வாய் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் ஓடுகிறதா? எண்ணி முடித்ததும் “ஆக மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். உடனே “பத்து” என்றால் நல்லது. மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பிறகு ஏழு கொட்டையைக் காட்டிவிட்டு, கையால் மூடி, இரண்டை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். “உள்ளே எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். கழித்தல் கணக்கு இதுதான், பென்சில் வேண்டியதில்லை. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிய கதையைச் சொல்லி, “அப்பா மூணு சாக்கு, சித்தப்பா நாலு சாக்கு” என்று கேட்டாலும் அதே கணக்குத்தான்.

சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் ஒரு கேள்வியை விடாதீர்கள்: “எப்படிக் கண்டுபிடிச்சே?” தாளால் கேட்க முடியாத கேள்வி இது. “ஏழுலேர்ந்து ரெண்டு பின்னாலே போனேன்” என்று சொல்கிற பிள்ளைக்கும், “சும்மா சொன்னேன்” என்கிற பிள்ளைக்கும் எவ்வளவோ தூரம். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் எந்த இடத்தில் இடறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

விரல் விட்டு எண்ணினால் கையைத் தட்டிவிடாதீர்கள். இந்த வயதில் விரல்தான் பிள்ளையின் சிலேட்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டுவதும் வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் ஆண்டிலேயே கணக்கென்றால் நெஞ்சு படபடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். தங்களுக்கே கணக்கென்றால் பயம் என்கிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப் பாடத்தில் உட்கார்ந்து உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அவ்வருடம் கணக்கைக் குறைவாகவே கற்றார்களாம், பயமும் கூடியதாம்! “எனக்கும் கணக்கு வராது, உன் தாத்தாவுக்கும் வராது, நீ மட்டும் எங்கே கிழிக்கப்போறே?” என்று நாம் விளையாட்டாகச் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம். பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல் புளியங்கொட்டையோடு விளையாடினாலே போதும்.

ஒன்றாம் ஆண்டு முடியும்போதும் பத்துப் பொருளைத் தொட்டு எண்ண வரவில்லை, ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்று சொல்லத் தெரியவில்லை என்றால், “வளர்ந்தா சரியாயிடும்” என்று சும்மா இருக்காதீர்கள். கண்ணையும் காதையும் கிளினிக்கில் ஒரு தடவை காட்டுங்கள். கரும்பலகையே தெரியாத பிள்ளை எதை எழுதும்? பிறகு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

கார்டில் உள்ள அடைவு நிலை 1 முதல் 6 வரை போகும். 3 என்றால் தெரிந்திருக்கிறது, புரிந்திருக்கிறது, செய்யவும் முடிகிறது என்று பொருள். 1, 2 என்று இருந்தால் இன்னும் கை கொடுக்க வேண்டும் என்று பொருள். அடிக்க வேண்டும் என்று பொருளல்ல. கார்டு வாங்கப் போகிற நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். “டீச்சர், எந்த இடத்துல இடறுது? எண்ணுறதுலயா, வாசிக்கிறதுலயா?” என்று கேளுங்கள். “தனியா உட்கார வெச்சு வாயால கேட்டுப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். குறைநீக்கல் வகுப்பு இருக்கிறதா, நம் பிள்ளைக்கு அதில் இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வீட்டில் புளியங்கொட்டை வைத்து நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள். முப்பது பிள்ளைகளை மேய்க்கிற ஆசிரியருக்கு அது உபயோகமான சேதி. அன்று வேலை நாளாக இருந்தால் மண்டோரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள். ரெண்டு பேரும் போக முடியாவிட்டால், பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் யாரோ அவரே போகட்டும்.